நாய் வளர்க்கும் வீட்டில் என்னென்ன செடி இருக்கிறது? போனோடு ஒரு சுற்று வாருங்கள்

நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சு. உண்ணிக்கு மருந்து வாங்கியாச்சு. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரும் எழுதியாச்சு. சரி, அது மத்தியானம் படுத்துக் கிடக்கிற இடத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு தொட்டியில் செடி நிற்கிறதே, அதன் பெயர் என்ன?

நிறைய வீடுகளில் இதற்குப் பதில் இருக்காது. "நர்சரியில் பார்க்க நல்லா இருந்தது, வாங்கி வந்தோம்" என்பார்கள். சாதாரண நாளில் இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாய் எதையோ மென்று வாந்தி எடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாளில் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது மூன்று கேள்வி. என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது. "ஏதோ பச்சை இலை சார்" என்று சொன்னால் அவருக்கு வேலை கஷ்டமாகிவிடும். ஏனென்றால் ஒரு செடி இதயத்தைத் தாக்கும், இன்னொன்று கல்லீரலைத் தாக்கும், மற்றொன்றுக்கு வாயைக் கழுவிவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எந்தச் செடி என்று தெரியாமல் தேடுகிற அந்த நேரம்தான் நாயின் உயிருக்கான நேரம்.

அதனால் இந்தப் பாடத்தை உட்கார்ந்து படிப்பதைவிட நடந்துகொண்டே படிப்பது நல்லது. போனில் கேமராவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வாருங்கள்.

வாசலில் முதலில் பார்க்க வேண்டியது அரளி

செவ்வரளி, வெள்ளரளி, இளஞ்சிவப்பு அரளி என எந்த நிறமானாலும் ஒரே குணம்தான். இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாவற்றிலும் விஷம் உண்டு. காய்ந்து சருகானாலும் விஷம் போகாது. பூவைச் செருகி வைத்த ஜாடித் தண்ணீரிலும் அது இறங்கும். இந்த விஷம் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கிறது. முதலில் எச்சில் ஒழுகும், வாந்தி, பேதி வரும். பிறகு நாய் சோர்ந்து படுக்கும். துடிப்பு மெதுவாகும் அல்லது தாறுமாறாக ஓடும்.

"ஆடு மாடே அதைத் தொடாது, நாய் எங்கே தின்னப் போகிறது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் வரிசையாக அரளி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம், கால்நடைகள் மேய்ந்து அழிக்காது. வளர்ந்த நாயும் பொதுவாக அந்தக் கசப்பைத் துப்பிவிடும். ஆனால் குட்டி அப்படியில்லை. மூன்று மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பல் முளைக்கிற காலம், கிடைத்ததை எல்லாம் கடித்துப் பார்க்கும். நாள் முழுக்கக் கட்டிப் போட்ட நாயும் சலிப்பில் எதையாவது மெல்லும். இன்னொன்று, நாமே செய்வது. கிளையை வெட்டிப் போட்டிருப்போம், அதில் ஒரு குச்சியை எடுத்து "போ, எடுத்துட்டு வா" என்று எறிவோம். அரளிக் குச்சியாக இருந்தால் அந்த விளையாட்டே வேண்டாம்.

மஞ்சள் அரளி என்றும் பொன்னரளி என்றும் சொல்வது வேறு செடி. புனல் மாதிரி மஞ்சள் பூ, ஒல்லியான நீண்ட இலை. விஷம் மட்டும் அதே வகை. இதில் பயம் காயில்தான். பச்சையாக, உருண்டையாகக் கீழே விழுந்து கிடக்கும், நாய்க்கு அது பந்து. இந்த மரம் வீட்டில் இருந்தால் தினமும் காலையில் காயைப் பொறுக்கிவிடுவது ஒரு வேலையாகவே இருக்கட்டும்.

பூஜைக்கு அரளிப்பூ வாங்குகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சாமிக்குச் சாத்திய பூவை மறுநாள் எடுத்துச் செடி மூட்டில் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கால்படக் கூடாது என்று செய்கிறோம், நாயின் வாய் படுவதை யோசிப்பதில்லை. மூடி போட்ட வாளி ஒன்று போதும். எருக்கம்பூ மாலைக்கும் இதே விதிதான். எருக்கின் பால் கண்ணில் பட்டாலும் கெடுதல், உள்ளே போனாலும் கெடுதல்.

போர்ட்டிகோவில் நிற்கும் குட்டைப் பனை

அழகுக்காக வைக்கிற செடிகளில் நாய் இருக்கும் வீட்டுக்கு நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்வது ஒன்றுதான். நர்சரியில் அதை 'சைகஸ்' என்பார்கள். தடித்த குட்டையான தண்டு, மேலே விசிறி மாதிரி சுற்றிலும் விரிந்த விறைப்பான ஓலை, ஓலையின் நுனி குத்தும். புது பங்களா, கல்யாண மண்டபம், அலுவலக வாசல் என எங்கும் இரண்டு பக்கமும் காவல் மாதிரி நிற்கும்.

பார்க்கப் பனை மாதிரி இருந்தாலும் இது பனை இனம் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'சேகோ பாம்' என்று பெயர். போனில் அந்தப் பெயரைத் தட்டினால் ஜவ்வரிசி பற்றியும் வந்து நிற்கும், "ஜவ்வரிசி மரம்தானே, என்ன செய்துவிடும்" என்று நினைத்துவிடக் கூடாது. சேலத்துப் பக்கம் தயாராகும் நம் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. இந்தச் செடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சைகஸின் எல்லாப் பாகமும் விஷம், விதை மிக மோசம். ஒன்றிரண்டு விதை ஒரு நாயைக் கொல்லப் போதும். அது செய்கிற தந்திரத்தைத்தான் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் வாந்தி எடுக்கும். அப்புறம் கொஞ்சம் தேறினது போல இருக்கும். வாலை ஆட்டும், தண்ணி குடிக்கும். "வயித்துக் கோளாறு, சரியாப் போச்சு" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். உள்ளே அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண்ணும் ஈறும் மஞ்சளாகி, சாப்பாட்டை வெறுத்து, தடுமாறும்போது கொண்டு போனால் மருத்துவர் கையில் அதிகம் இருக்காது. ஆகவே சைகஸைக் கடித்ததைப் பார்த்தாலே போதும், நாய் நன்றாக இருந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே காட்ட வேண்டும்.

பனை மாதிரிதான் ஏதாவது வேண்டும் என்றால் அரிகா பாம் வையுங்கள். மென்மையான ஓலை, கொத்தாக வளரும், நாய்க்குத் தீங்கில்லை. பெயரில் இரண்டும் 'பாம்'தான். ஒன்று உயிரை வாங்கும், மற்றொன்று ஒன்றும் செய்யாது. நர்சரிக்காரர் சொல்கிற பெயரை மட்டும் நம்பாமல் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஹாலில் இருப்பவை பெரும்பாலும் நாக்கை அரிக்கும் ரகம்

மணி பிளான்ட், டீஃபன்பேக்கியா, கலேடியம், சிங்கோனியம், பிலோடென்ட்ரான், அக்லோனிமா, பீஸ் லில்லி. எல்லாமே சேம்பு, கருணைக் குடும்பம். சரியாக வேகாத கருணைக் கிழங்கைச் சாப்பிட்டால் நமக்கு நாக்கும் தொண்டையும் எப்படி அரிக்கிறது? அதே ஊசி போன்ற நுண்ணிய உப்புப் படிகங்கள்தான் இந்த இலைகளிலும். நாய் கடித்த உடனே எச்சிலாக வடிக்கும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், முகத்தைத் தரையில் உரசும், உதடும் நாக்கும் வீங்கலாம்.

இவை உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம். ஈரத் துணியால் வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரால் கழுவி, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். மருத்துவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். மூச்சு விடுவதற்குச் சிரமப்பட்டாலோ, நாக்கு வீங்கிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் கிளம்ப வேண்டும். மணி பிளான்ட்டைப் பிடுங்கிப் போடத் தேவையில்லை, உயரத்தில் கட்டிவிட்டால் சரி. பூனையும் வளர்ப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பூங்கொத்தில் வருகிற உண்மையான லில்லி பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். பீஸ் லில்லி அந்த வகை இல்லை. இங்கேயும் பெயர்தான் குழப்பம்.

கொல்லைப்புறம்: மண்ணுக்குள் இருப்பதையும் கவனியுங்கள்

செங்காந்தள் நம் மாநில மலர். கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வோம். வேலியில் அதுவாகவே மழைக்காலத்தில் கிளம்பி வரும். விதைக்காகக் காடுகளில் பயிர் செய்கிற ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. இதில் உள்ள கால்சிசின் என்ற பொருள் மனிதருக்கு மருந்தாகும், அளவு மீறினால் மனிதருக்கும் நாய்க்கும் விஷம். பூவின் மேல் நம் கண் இருக்கும், நாய்க்குத் தோண்டுவது பிடிக்கும். தோண்டி எடுத்த கிழங்கைக் கடித்தால் கடும் வாந்தி, ரத்தம் கலந்த பேதி. இதுவும் ஒரு நாளோடு முடிகிற விஷம் இல்லை, அடுத்தடுத்த நாட்களிலும் உள்ளுறுப்புகளைத் தாக்கும்.

ஆமணக்கு விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. விதையை நாய் முழுசாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும், மென்றால் ஆபத்து. "விளக்கெண்ணெயைக் குழந்தைக்கே கொடுத்திருக்கோமே" என்று பெரியவர்கள் கேட்பார்கள். விதையில் உள்ள ரிசின் என்ற விஷம் எண்ணெயில் கரையாது. எண்ணெய் பிழிந்த பிறகு அது பிண்ணாக்கில் தங்கிவிடும். மாடித் தோட்டத்துக்கு இயற்கை உரம் என்று ஆமணக்குப் பிண்ணாக்கு வாங்கிப் போடுகிறோம் இல்லையா, அங்கேதான் சிக்கல். எலும்புத்தூளும் சேர்த்துக் கலந்திருந்தால் அந்த வாசனை நாய்க்கு விருந்துச் சாப்பாடு. மூட்டையைக் கிழித்துத் தின்றுவிடும், இல்லை என்றால் தொட்டி மண்ணைக் கிளறி நக்கும். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். நாய் இருக்கும் வீட்டில் இந்த உரத்தைத் தவிர்ப்பதே மேல். மண்புழு உரம் போட்டுக்கொள்ளலாம்.

குன்றிமணியைச் செடியாக யாரும் வளர்ப்பதில்லை, அது தானாக வேலியில் படரும். ஆனால் விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண் அதுதான். கெட்டியான தோல் உடையாத வரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. உடைந்தாலோ, மென்றாலோ, மாலை கோக்கத் துளை போட்டிருந்தாலோ உள்ளே இருப்பது கொடிய விஷம். பிள்ளையாரைக் கரைக்கும்போது கண்ணை எண்ணி எடுத்துவிடுங்கள்.

ஊமத்தை, காட்டாமணக்கு, கள்ளி, அடினியம், உண்ணிச்செடி இவையும் பட்டியலில் உண்டு. ஊமத்தை தின்ற நாயின் கண்மணி அகலமாக விரிந்திருக்கும், வாய் உலர்ந்து, நிலைகொள்ளாமல் அலையும். அடினியத்தைப் 'பாலைவன ரோஜா' என்று விற்பார்கள், அதுவும் அரளியின் உறவுதான், இதயத்தைத் தாக்கும். கற்றாழையின் தோலை ஒட்டி வருகிற மஞ்சள் பால் பேதியைக் கொடுக்கும். காய்கறிப் பாத்தி இருந்தால் வெங்காயம், பூண்டுப் பக்கம் வேலி போடுங்கள். பச்சையோ வெந்ததோ, இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மிச்சமான வெங்காயச் சாம்பார் சாதத்துக்கும் இது பொருந்தும்.

எல்லாச் செடியையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மல்லிகை, ரோஜா, கொத்தமல்லி, திருநீற்றுப் பச்சிலை, ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன் எல்லாம் பயமின்றி வைக்கலாம். ரோஜா முள் குத்தும், அவ்வளவுதான்.

படம் எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது

தூரத்தில் நின்று எடுத்த ஒரு படம் போதாது. ஒவ்வொரு செடிக்கும் முழுச் செடி ஒன்று, இலை கிட்டத்தில் ஒன்று, பூவோ காயோ இருந்தால் அது ஒன்று. பக்கத்தில் சாவியையோ நாணயத்தையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். போனில் உள்ள கூகுள் லென்ஸ் போன்ற வசதியில் அந்தப் படத்தைக் காட்டினால் பெயர் வரும். முதலில் வருகிற பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இலையைக் காட்டும்போது ஒரு பெயர், பூவைக் காட்டும்போது ஒரு பெயர் வந்தால் அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ, அனுபவமுள்ள நர்சரியிலோ காட்டிக் கேளுங்கள். 'விஷமில்லை' என்று செயலி சொன்னதை நம்பி நாயை வீட்டிலேயே வைத்திருப்பது மட்டும் கூடவே கூடாது.

படங்களை ஒரு தனி ஆல்பமாகப் போட்டு, கீழே பெயரை எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுங்கள். இது ஏன் என்றால், நீங்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது அம்மாவோ தாத்தாவோதான். ஆல்பம் உங்கள் போனில் மட்டும் இருந்தால் அவர்களுக்கு என்ன பயன்?

கூடவே மூன்று விவரம் எழுதுங்கள். நாயின் எடை, பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவரின் நம்பர், இரவில் திறந்திருக்கும் இடம் எது என்பது. அரசு கால்நடை மருந்தகம், கால்நடை மருத்துவமனை இவற்றின் வேலை நேரத்தை ஒருமுறை நேரில் போய்க் கேட்டு வையுங்கள். ஊருக்கு அருகில் இருப்பது கிளை நிலையம் என்றால் அங்கே மருத்துவர் எந்நேரமும் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அதன் சிகிச்சை வளாகம் ஒரு வசதி. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. அது முக்கியமாக ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கான சேவை. அழைத்து ஆலோசனை கேளுங்கள், ஆனால் விஷம் தின்ற நாயோடு ஊர்தி வரும் வரை வாசலில் காத்திருக்க வேண்டாம்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் வாயில் மிச்சம் இருப்பதை எடுங்கள், கடிபடாமல். நாயை அந்தச் செடியிடமிருந்து விலக்குங்கள். கடித்த கிளை, விதை, வாந்தி எதுவாக இருந்தாலும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்குப் போன் செய்துகொண்டே கிளம்புங்கள். செடியின் படத்தை வாட்ஸ்அப்பில் முன்னாலேயே அனுப்பிவிட்டால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் தயாராகிவிடுவார். வலிப்பு வந்தாலோ தள்ளாடினாலோ பத்து விநாடி வீடியோ எடுப்பது கல் நெஞ்சு வேலை இல்லை, மருத்துவருக்கு அது பெரிய உதவி.

வீட்டில் செய்யக் கூடாதது என்று பார்த்தால் நம் ஊர் வைத்தியம் நான்கைந்து வரும். உப்புத் தண்ணி கரைத்து ஊற்றுவது முதலாவது. வாந்தி வரும் என்று கொடுப்பார்கள். வராவிட்டால் அந்த உப்பு ரத்தத்தில் ஏறி அதுவே வலிப்பைக் கொண்டு வரும். எண்ணெய் ஊற்றுவது அடுத்தது, திமிறுகிற நாயின் நுரையீரலுக்குள் எண்ணெய் போய்விட்டால் விஷத்தோடு நிமோனியாவும் சேரும். புளிக்கரைசல், பச்சை முட்டை, மனிதருக்கான வாந்தி மாத்திரை எதுவும் வேண்டாம். இணையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கச் சொல்வார்கள். மருத்துவர் சொல்லாமல் அதையும் தொடாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கும் பக் போன்ற தட்டை மூக்கு நாய்க்கும் வாந்தி வரவழைப்பதே ஆபத்து. வாந்தி எடுக்கிற நாயின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வருவதும் கூடாது, மூச்சடைத்துவிடும்.

தின்ற முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடியும், விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் மருந்து கொடுக்க முடியும். அரளி என்று தெரிந்தால் ஈசிஜி பார்ப்பார், துடிப்பைச் சீராக்க மருந்து கொடுப்பார். சைகஸ் என்றால் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையை இன்றும் எடுத்து, நாளை மறுநாளும் எடுப்பார்.

போகிற வழியில் உங்களால் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. நாயின் இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் மார்பில் உள்ளங்கையை வையுங்கள், துடிப்பு தெரியும். போனில் நேரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வாக இருக்கும் பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100, சிறிய நாய்க்கு 140 வரை இருக்கலாம். இன்றைக்கே, நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணி அந்த ஆல்பத்தில் எழுதி வைத்துவிட்டால், அன்றைக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும் மூன்று நாள் கவனம் வேண்டும். தினம் காலையில் வெளிச்சத்தில் ஈறையும் கண் வெள்ளையையும் படம் எடுங்கள். சாப்பிட்டதா, சிறுநீர் போனதா, மலத்தில் கருப்போ ரத்தமோ தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறம் மஞ்சளாக மாறினாலோ, தேறிய நாய் மறுபடி சோர்ந்து படுத்தாலோ, மறு பரிசோதனைக்குச் சொன்ன தேதி வரும் வரை காத்திருக்காமல் அந்தப் படங்களோடு உடனே திரும்பப் போங்கள்.